வாக்குகள் ஒரு பக்கம், இடங்கள் மறுபக்கம்: விஸ்கான்சின் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் எந்தக் கட்சியின் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கும், அந்த மாநிலத்திலிருந்து வாஷிங்டனுக்குச் செல்லும் உறுப்பினர்களின் கட்சிக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விஸ்கான்சின் மாநிலத்தைச் சுற்றியே இருந்தன. இந்த விஷயத்தை ஒரே இடத்தில் முழுமையாகப் பார்க்க அதைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை என்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை விஸ்கான்சினுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: விஸ்கான்சின் எந்தக் கட்சியின் மாநிலம்? ஒரு செய்தியில் குடியரசுக் கட்சியின் கோட்டை என்கிறார்கள், இன்னொன்றில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் என்கிறார்கள்.

பதில்: இரண்டு செய்திகளும் சரியானவைதான். மாநிலச் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள் உண்டு. கீழவையான அசெம்பிளியில் 99 பேர். மேலவையான மாநில செனட்டில் 33 பேர். மூன்று அசெம்பிளி தொகுதிகளைச் சேர்த்தால் ஒரு செனட் தொகுதி. 2024 நவம்பர் தேர்தலின் முடிவில் அசெம்பிளியில் குடியரசுக் கட்சிக்கு 54, ஜனநாயகக் கட்சிக்கு 45 என்றும், செனட்டில் 18க்கு 15 என்றும் இடங்கள் அமைந்தன. அதாவது இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம். ஆனால் 2018இலும் 2022இலும் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டோனி எவர்ஸ் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர்.

வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபைக்கு இந்த மாநிலம் எட்டுப் பேரை அனுப்புகிறது. 2024இல் அவர்களில் ஆறு பேர் குடியரசுக் கட்சியினர், இரண்டு பேர் ஜனநாயகக் கட்சியினர். அந்த இருவரின் தொகுதிகளும் மேடிசன், மில்வாக்கி என்ற இரு பெரிய நகரங்களை மையமாகக் கொண்டவை. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் மாநிலமே குடியரசுக் கட்சிக்குச் சாய்ந்துவிட்டது என்று நினைப்பார். ஆனால் 2016இல் டிரம்ப், 2020இல் பைடன், 2024இல் மறுபடியும் டிரம்ப் என்று மூன்று அதிபர் தேர்தல்களிலும் விஸ்கான்சினில் வெற்றி வித்தியாசம் ஒரு சதவீதப் புள்ளியைக்கூட எட்டவில்லை. வாக்காளர்கள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருக்கும் ஒரு மாநிலம் இது. அந்தச் சரிபாதி, இடங்களாக மாறும்போது ஏன் சரிபாதியாக இருப்பதில்லை என்பதுதான் உங்களில் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கும் கேள்வி.

கேள்வி: அதிக வாக்கு வாங்கிய கட்சிக்குக் குறைந்த இடங்கள் கிடைப்பது எப்படிச் சாத்தியம்? கணக்கே இடிக்கிறதே.

பதில்: கணக்கு இடிக்கவில்லை. சிறிய எண்களை வைத்துப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். 100 வாக்காளர்கள், தலா 20 பேர் கொண்ட ஐந்து தொகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்சிக்கு 55 பேர், இரண்டாவது கட்சிக்கு 45 பேர் ஆதரவு. முதல் கட்சியின் ஆதரவாளர்களில் 36 பேரை இரண்டே தொகுதிகளில் தலா 18 பேராக அடைத்துவிட்டால், மீதமுள்ள 19 பேர் மற்ற மூன்று தொகுதிகளில் ஆறு, ஆறு, ஏழு என்று சிதறிப்போவார்கள். அந்த மூன்றிலும் இரண்டாவது கட்சி 14, 14, 13 என்று வாக்குப் பெற்று வென்றுவிடும். 55 பேரின் ஆதரவுள்ள கட்சிக்கு இரண்டு இடம், 45 பேரின் ஆதரவுள்ள கட்சிக்கு மூன்று இடம். ஒருவரும் கள்ள வாக்குப் போடவில்லை, ஒரு வாக்கும் எண்ணாமல் விடப்படவில்லை. கோடு எங்கே போடப்பட்டது என்பது ஒன்றே முடிவை மாற்றிவிட்டது.

விஸ்கான்சினில் இது நடந்த விதம் நீதிமன்ற ஆவணங்களில் அப்படியே பதிவாகியிருப்பதால், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2010 தேர்தலுக்கு முன்பு ஆளுநர் பதவியும் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. அந்த ஒரே தேர்தலில் மூன்றும் குடியரசுக் கட்சிக்குப் போயின. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டும் கூட. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைய வேண்டும். விஸ்கான்சினில் அந்த எல்லைகள் ஒரு சாதாரணச் சட்ட மசோதாவைப் போலவே நிறைவேற்றப்படுகின்றன: இரு அவைகளும் ஏற்று, ஆளுநர் கையெழுத்திட்டால் போதும். மூன்றும் ஒரே கட்சியின் கையில் இருக்கும்போது தடுத்து நிறுத்த ஆள் கிடையாது.

2011இல் அந்த வரைபடம் தயாரானது சட்டமன்றக் கட்டடத்துக்குள் கூட இல்லை. எதிரே தெருவைத் தாண்டி இருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் அறையில். குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அங்கே அழைக்கப்பட்டு, வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கள் புதிய தொகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வரைவுகளில் சிலவற்றுக்கு ‘உறுதியானது’, ‘ஆக்ரோஷமானது’ என்று பொருள்படும் பெயர்களையே கணினிக் கோப்புகளில் வைத்திருந்தார்கள். எந்த வரைவில் எத்தனை இடங்கள் தங்களுக்கு நிச்சயம் என்பதைப் பழைய தேர்தல் முடிவுகளைக் கொண்டு கணித்து, அட்டவணையாக ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் கணிப்பு பலித்தது. 2012 அசெம்பிளித் தேர்தலில் குடியரசுக் கட்சி மாநிலம் முழுவதும் பெற்ற வாக்கு, இரு கட்சி வாக்குகளில் 48.6 சதவீதம், கிடைத்த இடங்கள் 99இல் 60. 2014இல் வாக்கு 52 சதவீதமாக உயர்ந்தது, இடங்கள் 63. 2018இல் எவர்ஸ் ஆளுநராக வென்று, மாநிலம் முழுவதற்குமான மற்றப் பதவிகளையும் ஜனநாயகக் கட்சியே பிடித்தபோதும், அசெம்பிளியில் குடியரசுக் கட்சிக்கு 63 இடங்கள் அப்படியே இருந்தன. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அறுபதுக்குக் கீழே இறங்காத ஓர் அவையைக் கட்டிவிட்டார்கள். வாக்காளர் தன் மனத்தை மாற்றிக்கொண்டாலும் அவை மாறாது என்றால், தேர்தல் நடத்துவதன் நோக்கமே அடிபட்டுப் போகிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள், அதனால் தானாகவே இடங்கள் குறைகின்றன என்கிறார்களே. அது பொய்யா?

பதில்: பொய் கிடையாது. அதில் நிறையவே உண்மை இருக்கிறது. எல்லைகளைக் குறை சொல்பவர்கள் இதை மறைப்பது நியாயமாகாது. மேடிசனும் அதைச் சுற்றியுள்ள டேன் மாவட்டமும், மில்வாக்கி நகரமும் ஜனநாயகக் கட்சிக்கு மிகப் பெரிய பெரும்பான்மை தருகின்றன. அந்தப் பகுதிகளில் 80 சதவீதம் பெற்று வெல்லும் தொகுதி ஒன்றில், வெற்றிக்குத் தேவையானதற்கு மேல் உள்ள வாக்குகள் எல்லாம் வேறெங்கும் உதவாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. எந்த உள்நோக்கமும் இல்லாமல் கச்சிதமான தொகுதிகளாக வரைந்தாலும் குடியரசுக் கட்சிக்கு ஓரளவு சாதகம் இருக்கவே செய்யும்.

அப்படியானால் இயற்கையான சாதகம் எவ்வளவு, வலிந்து சேர்த்தது எவ்வளவு? இதற்கு விடை 2024இல் ஓரளவு கிடைத்தது. புதிய எல்லைகளின்படி (அவை எப்படி வந்தன என்பது அடுத்த பதிலில்) நடந்த அந்தத் தேர்தலில் அதிபர் பதவிக்கு டிரம்ப் மிகச் சிறிய வித்தியாசத்தில் மாநிலத்தை வென்றார். அசெம்பிளியும் குடியரசுக் கட்சிக்கே போனது, ஆனால் 64 இடங்களிலிருந்து 54க்கு இறங்கி. சற்றே முன்னிலை பெற்ற கட்சிக்குச் சற்றே பெரும்பான்மை. 54க்கும் 64க்கும் இடையே உள்ள அந்தப் பத்து இடங்களை நகரங்களின் மேல் பழிபோட்டு விளக்கிவிட முடியாது.

கேள்வி: இந்த எல்லைகளை எதிர்த்து யாரும் நீதிமன்றம் போகவில்லையா?

பதில்: போனார்கள். மேடிசனைச் சேர்ந்த ஓய்வு பெற்ற சட்டப் பேராசிரியர் ஒருவரும் வேறு சில வாக்காளர்களும் தொடுத்த வழக்கில், 2016 நவம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் 2011 வரைபடம் அரசமைப்புக்கு முரணானது என்றது. மேல்முறையீட்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூனில், வழக்குத் தொடுத்தவர்கள் தங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஏற்பட்ட பாதிப்பை நிறுவவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு, வட கரோலினா, மேரிலாந்து வழக்குகளில், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவதைக் கட்டுப்படுத்தும் வேலை கூட்டாட்சி நீதிமன்றங்களுடையது ஆகாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்து அந்தக் கதவையே மூடிவிட்டது.

ஆகவே போராட்டம் மாநில நீதிமன்றத்துக்கு மாறியது. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள், பத்தாண்டுப் பதவிக்காலம், மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் ஏப்ரல் மாதத்தில். சட்டப்படி அவர்கள் கட்சி சார்பற்றவர்கள். ஆனாலும் யாருக்குப் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்பது ஊரறிந்த விஷயம். 2023 ஏப்ரலில் ஜேனட் புரோட்டசீவிச் 11 புள்ளி வித்தியாசத்தில் வென்றதும் ஜனநாயகக் கட்சிக்கு நெருக்கமான தாராளவாதத் தரப்புக்கு நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மை கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த நால்வரும் சட்டமன்ற எல்லைகளைச் செல்லாது என்றார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட காரணம் பலருக்கு வியப்பாக இருந்தது. கட்சி ஆதாயம் பற்றி அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. ஒரு தொகுதியின் நிலப்பரப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று மாநில அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. 99 அசெம்பிளி தொகுதிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், மற்றொரு தொகுதியால் முழுவதும் சூழப்பட்ட துண்டு நிலங்கள் தீவுகள் போலக் கிடந்தன. ஒரு தொகுதியின் வாக்காளர் அதே தொகுதியின் இன்னொரு பகுதிக்குப் போக வேண்டுமானால் வேறு தொகுதியைக் கடந்துதான் போக வேண்டும். அந்த ஒரு குறையே போதும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. புதிய வரைபடத்தை நீதிமன்றமே திணிக்கும் நிலை வந்தபோது, குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் ஆளுநர் எவர்ஸ் முன்வைத்த எல்லைகளையே மசோதாவாக நிறைவேற்றியது. 2024 பிப்ரவரியில் அவர் கையெழுத்திட்டார்.

கேள்வி: மாநில அவைகளின் எல்லைகள் மாறிவிட்டன என்றால், வாஷிங்டனுக்குப் போகும் எட்டு இடங்களில் மட்டும் ஏன் இன்னும் ஆறுக்கு இரண்டு?

பதில்: இரண்டும் வெவ்வேறு வரைபடங்கள் என்பதால். 2023 தீர்ப்பு மாநில அவைகளின் எல்லைகளை மட்டும்தான் தொட்டது. பிரதிநிதிகள் சபைக்கான எல்லைகளின் கதை வேறு வழியில் போனது. இதில் எளிதாகத் தவறு செய்யக்கூடிய ஒரு விவரம் இருக்கிறது.

2020 கணக்கெடுப்பின்படி விஸ்கான்சினின் மக்கள்தொகை சுமார் 58 லட்சத்து 94 ஆயிரம். எட்டால் வகுத்தால் தொகுதிக்கு ஏறக்குறைய 7 லட்சத்து 37 ஆயிரம் பேர். 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய எல்லைகளை எவர்ஸ் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் தடுத்தார். இரு தரப்பும் முட்டி நின்றதால் பொறுப்பு மாநில உச்ச நீதிமன்றத்திடம் வந்தது. அப்போது குடியரசுக் கட்சிக்கு நெருக்கமான பழமைவாதப் பெரும்பான்மை கொண்டிருந்த அந்த நீதிமன்றம், 2011 எல்லைகளை எவ்வளவு குறைவாக மாற்ற முடியுமோ அவ்வளவு குறைவாக மாற்றுபவரின் வரைபடத்தையே ஏற்போம் என்று நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனைக்கு உட்பட்டு எவர்ஸ் கொடுத்த வரைபடம்தான் 2022 மார்ச்சில் ஏற்கப்பட்டது. ஆகவே இன்றைய எல்லைகளை வரைந்து கொடுத்தவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர்தான் என்று குடியரசுக் கட்சியினர் சொல்வது உண்மை. அடித்தளம் 2011இல் போடப்பட்டது என்று ஜனநாயகக் கட்சியினர் சொல்வதும் உண்மை.

2012இலேயே விஸ்கான்சினில் பிரதிநிதிகள் சபைக்கான மொத்த வாக்குகளில் ஜனநாயகக் கட்சி சற்று முன்னிலை பெற்றும், இடங்கள் ஐந்துக்கு மூன்று என்று குடியரசுக் கட்சிக்கே போயின. அதன் பிறகு பத்தாண்டுகள் அதே கணக்கு நீடித்தது. 2022இல், மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மிசிசிப்பி ஆற்றையொட்டிய மூன்றாவது தொகுதியில் நீண்டகாலம் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ரான் கைண்ட் மறுபடி போட்டியிடவில்லை. அந்த இடத்தைக் குடியரசுக் கட்சியின் டெரிக் வான் ஆர்டன் கைப்பற்றினார். ஆறுக்கு இரண்டு வந்தது அப்படித்தான். இந்த எல்லைகளை மாற்றக் கோரிய மனுக்களை 2024 மார்ச்சிலும் 2025 ஜூனிலும், தாராளவாதப் பெரும்பான்மை கொண்ட அதே மாநில உச்ச நீதிமன்றம் நேரடியாக விசாரிக்க மறுத்தது. நீதிபதிகள் எப்போதும் கட்சிக் கணக்குப் பார்த்தே தீர்ப்பளிக்கிறார்கள் என்று எழுதியிருந்த வாசகர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: அமெரிக்க செனட்டில் விஸ்கான்சினுக்கு இரண்டு இடங்கள். ஒருவர் இந்தக் கட்சி, மற்றவர் அந்தக் கட்சி. எப்படி?

பதில்: ஜனநாயகக் கட்சியின் டாமி பால்ட்வின், குடியரசுக் கட்சியின் ரான் ஜான்சன். செனட் தேர்தலுக்குத் தொகுதி எல்லையே கிடையாது, மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. 2022இல் ஜான்சன் ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2024இல் பால்ட்வின் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். கோடு போட முடியாத இடத்தில் மாநிலத்தின் உண்மையான முகம் தெரிகிறது. 1913ஆம் ஆண்டின் 17ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்கு முன்பு செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. அந்த முறை இன்றும் இருந்திருந்தால் 2011 எல்லைகள் இந்த இரண்டு இடங்களையும் சேர்த்தே தீர்மானித்திருக்கும்.

கேள்வி: ஆளுநர் ஒரு கட்சி, அவைகள் இன்னொரு கட்சி என்றால் ஒன்றையொன்று சமன்செய்துவிடாதா? சாதாரண மனிதருக்கு இதனால் என்ன வந்துவிடப் போகிறது?

பதில்: நிறைய வருகிறது. 2018 நவம்பரில் எவர்ஸ் வென்றபின், அவர் பதவியேற்கும் முன்பே டிசம்பரில் சட்டமன்றம் அவசரமாகக் கூடியது. புதிய ஆளுநருக்கும் புதிய அரசுத் தலைமை வழக்கறிஞருக்கும் உள்ள அதிகாரங்களில் சிலவற்றைக் குறைத்து மசோதாக்களை நிறைவேற்றியது. பதவியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஆளுநர் ஸ்காட் வாக்கர் அவற்றில் கையெழுத்திட்டார். மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு அவர் உட்காரப் போகும் நாற்காலியின் கால்களை அறுப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

அதன் பின் 2019இல் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியும், 2022இல் 1849ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தை நீக்குவது பற்றியும் ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடருக்கு அழைப்பு விடுத்தார். ஆளுநர் அழைத்தால் அவைகள் கூடியாக வேண்டும். கூடின. அவைத் தலைவரின் சுத்தியல் தட்டப்பட்டது. ஒரு விவாதமும் இல்லாமல் சில வினாடிகளில் ஒத்திவைப்புக்காக மறுபடி தட்டப்பட்டது. சட்டம் மீறப்படவில்லை, வேலையும் நடக்கவில்லை. குறைந்த வருவாயினருக்கான மெடிகெய்டு மருத்துவக் காப்பீட்டைக் கூட்டாட்சி நிதியுதவியுடன் விரிவுபடுத்தாத பத்து மாநிலங்களில் விஸ்கான்சினும் ஒன்றாக இருப்பதற்கு இந்த அவைகளின் மறுப்பே காரணம்.

ஆளுநரின் கையிலும் ஆயுதம் உண்டு. வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை: அசெம்பிளியில் 66, செனட்டில் 22. 2022 தேர்தலில் குடியரசுக் கட்சி செனட்டில் 22ஐ எட்டியது. அசெம்பிளியில் 64உடன் நின்றது. இரண்டு இடங்கள் கூடியிருந்தால் ஆளுநரின் கையெழுத்துக்கே மதிப்பு இருந்திருக்காது.

நிதி மசோதாக்களில் சொற்களையும் எண்களையும் மட்டும் தனியாக அடிக்கும் உரிமையும் விஸ்கான்சின் ஆளுநருக்கு உண்டு. 2023 நிதிநிலை மசோதாவில், பள்ளிகள் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 325 டாலர் கூடுதலாக வருவாய் திரட்டிக்கொள்ளும் அனுமதி ‘2024-25’ கல்வியாண்டு வரை என்று இருந்தது. எவர்ஸ் அதிலிருந்து ‘20’ என்ற எண்ணையும் நடுவிலிருந்த சிறுகோட்டையும் அடித்தார். மிஞ்சியது ‘2425’. இரண்டு ஆண்டுக்கான அனுமதி நானூறு ஆண்டுக்கானதாகிவிட்டது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் இதைச் செல்லும் என்றது. பள்ளிகளுக்குப் பணம் வருவது நல்லதுதான். ஆனாலும் அவையில் யாரும் வாக்களிக்காத ஒரு சட்டம் இப்படிப் பிறப்பதை என்னால் பாராட்ட முடியவில்லை. எல்லைகளால் பூட்டப்பட்ட ஓர் அவையும், அதைச் சுற்றிப் போக வழி தேடும் ஓர் ஆளுநரும் சேர்ந்தால் நிர்வாகம் இப்படித்தான் நடக்கும்.

கேள்வி: சிறுபான்மையாக இருக்கும் கட்சி எதுவுமே செய்ய முடியாதா?

பதில்: அவையை விட்டு ஓடலாம். 2011 பிப்ரவரியில் அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையைக் குறைக்கும் மசோதாவை வாக்கர் கொண்டுவந்தபோது, ஜனநாயகக் கட்சியின் 14 செனட்டர்களும் இல்லினாய் மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். நிதி மசோதாவுக்குச் செனட்டில் 20 பேர் இருக்க வேண்டும். குடியரசுக் கட்சியிடம் இருந்தது 19. மூன்று வாரம் அவை முடங்கியது. பிறகு மசோதாவிலிருந்து நிதிப் பகுதிகளைப் பிரித்து எடுத்துவிட்டு மற்றதை நிறைவேற்றினார்கள். தாமதப்படுத்தலாம், நாட்டின் கவனத்தை ஈர்க்கலாம். எண்ணிக்கை இல்லாதவர்களால் அதற்கு மேல் முடியாது.

கேள்வி: நீங்கள் குடியரசுக் கட்சியையே குறை சொல்கிறீர்கள். மற்றக் கட்சி யோக்கியமா?

பதில்: இல்லை. இந்த மாநிலத்தில் 2011இல் வாய்ப்புக் கிடைத்தது குடியரசுக் கட்சிக்கு என்பதால் அந்தப் பெயர் அடிக்கடி வருகிறது. பக்கத்து மாநிலமான இல்லினாயில் எல்லை வரைந்தது ஜனநாயகக் கட்சி. அங்கே பிரதிநிதிகள் சபையின் 17 இடங்களில் 14 அவர்களுடையவை, அதாவது 82 சதவீதம். 2024 அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் அங்கே பெற்ற வாக்கு 55 சதவீதத்துக்கும் குறைவு. 2019இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மேரிலாந்து எல்லைகளை வரைந்ததும் ஜனநாயகக் கட்சியே.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்துக் குற்றம் சாட்டுவதும் ஆபத்து. மாசசூசெட்ஸின் ஒன்பது இடங்களும் ஜனநாயகக் கட்சிக்கே போகின்றன. அங்கே 2024இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். காரணம், அவர்கள் மாநிலம் முழுவதும் சீராகப் பரவியிருக்கிறார்கள். எப்படி வரைந்தாலும் அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி அமைவது கடினம்.

2025இல் நிலைமை இன்னும் மோசமானது. கணக்கெடுப்புக்குக் காத்திராமல், பத்தாண்டின் நடுவிலேயே டெக்சாஸ் சட்டமன்றம் ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபைக்கான தனது 38 தொகுதிகளின் எல்லைகளை மாற்றியது; ஐந்து இடங்களைக் கூடுதலாகப் பெறுவது நோக்கம் என்பதை மறைக்கவும் இல்லை. பதிலடியாகக் கலிஃபோர்னியா, சுயேச்சைக் குழு வரைந்திருந்த தன் எல்லைகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான எல்லைகளை நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஏற்றது. கலிஃபோர்னியாவில் மக்களிடம் கேட்டார்கள் என்ற வேறுபாடு முக்கியமானது. இருந்தாலும் இந்த இரு மாநிலங்களிலும் சிறுபான்மைக் கட்சியின் வாக்காளர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய குரல்தான் இரு பக்கமும் பேரம் பேசப்பட்டது.

கேள்வி: எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமே. ஏன் செய்யவில்லை?

பதில்: விஸ்கான்சினின் இரு பக்கத்திலும் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. மிச்சிகனில் 2018இல் சாதாரணக் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி, அரசமைப்புத் திருத்தமாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து வென்றார்கள். இரு கட்சிகளைச் சேர்ந்தவர்கள் தலா நான்கு பேர், எந்தக் கட்சியும் சாராதவர்கள் ஐந்து பேர் என 13 பேர் கொண்ட குழு அங்கே எல்லை வரைகிறது. 2022இல் ஜனநாயகக் கட்சி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஆளுநர் பதவியையும் இரு அவைகளையும் சேர்ந்தாற்போல் பெற்றது. 2024இல் வாக்காளர்கள் கீழவையைக் குடியரசுக் கட்சிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மக்கள் நினைத்தால் அவை மாறுகிறது; எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அயோவாவில் 1980 முதல், சட்டமன்றத்தின் கட்சி சார்பற்ற அலுவலர்கள் எல்லை வரைகிறார்கள். வாக்காளர்களின் கட்சிப் பதிவையோ, பழைய தேர்தல் முடிவுகளையோ, இப்போதைய உறுப்பினர்களின் வீட்டு முகவரியையோ அவர்கள் பார்க்கக் கூடாது. அங்கேயும் 2024இல் பிரதிநிதிகள் சபையின் நான்கு இடங்களும் குடியரசுக் கட்சிக்கே போயின. நேர்மையாக வரைந்தால் இடங்கள் வாக்கு விகிதப்படியே கிடைத்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் முன்னிலை பெறும் கட்சிக்கு அதன் வாக்கைவிடக் கூடுதலான இடங்கள் கிடைப்பது இயல்பு.

மிச்சிகன் வழி விஸ்கான்சினுக்கு ஏன் இல்லை என்றால், குடிமக்கள் தாங்களே ஒரு சட்டத்தையோ திருத்தத்தையோ வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை விஸ்கான்சின் அரசமைப்பில் இல்லை. பல மாவட்டங்கள் நேர்மையான எல்லைகளை ஆதரித்து ஆலோசனை வாக்கெடுப்புகளை நடத்தியிருக்கின்றன. அவை யாரையும் கட்டுப்படுத்தாது. திருத்தம் வேண்டுமானால் அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் அதை நிறைவேற்றிய பிறகே மக்களிடம் வரும். எல்லைகளால் பலன் பெற்றவர்களே எல்லை வரையும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. இதனால்தான் அங்கே மாற்றம் நீதிபதிகள் தேர்தல் என்ற சுற்றுவழியில் வந்தது. அந்தச் சுற்றுவழிக்கும் விலை உண்டு: 2025 ஏப்ரலில் சூசன் கிராஃபோர்டும் பிராட் ஷிமெலும் மோதிய நீதிபதி தேர்தலில் செலவு பத்து கோடி டாலர் அளவை எட்டி, அமெரிக்க நீதிபதித் தேர்தல் வரலாற்றிலேயே மிக அதிகமானதாகப் பதிவானது.

கேள்வி: என் மகள் மில்வாக்கியில் குடியேறி, இப்போது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கிறாள். அதிபர் தேர்தலில் மட்டும் வாக்களித்தால் போதும் என்கிறாள். என்ன சொல்லட்டும்?

பதில்: அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்றும், 99 அசெம்பிளி இடங்களுக்கும் எட்டுப் பிரதிநிதிகள் சபை இடங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் உண்டு என்றும் சொல்லுங்கள். மாநில செனட்டில் இரட்டைப்படை எண் கொண்ட 16 தொகுதிகளுக்கு அதிபர் தேர்தல் ஆண்டிலும், ஒற்றைப்படை எண் கொண்ட 17 தொகுதிகளுக்கு 2022, 2026 போன்ற ஆளுநர் தேர்தல் ஆண்டிலும் வாக்குப்பதிவு நடக்கும். 2024இன் புதிய எல்லைகள் அந்த 17 தொகுதிகளில் முதன்முறையாகச் சோதிக்கப்படுவது 2026 நவம்பரில். அடுத்த கணக்கெடுப்பு 2030இல் என்பதால், அதன் பிறகு எல்லை வரையப் போகும் சட்டமன்றமும் ஆளுநரும் அந்தப் பத்தாண்டின் கடைசித் தேர்தல்களில் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். நீதிபதி தேர்தல்கள் ஏப்ரலில் நடப்பதால் நவம்பரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தவறவிடுகிறார்கள். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால், அவருடைய மூன்று தொகுதி எண்களும், அடுத்து வரும் வாக்குச்சீட்டில் இருக்கும் பெயர்களும் கிடைக்கும். பதிவு செய்யத் தாமதமாகிவிட்டதென்று அவர் கவலைப்பட வேண்டாம். விஸ்கான்சினில் வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடியிலேயே முகவரிச் சான்றைக் காட்டிப் பெயரைப் பதிந்து, புகைப்பட அடையாள அட்டையுடன் அப்போதே வாக்களிக்கலாம்.